கண்ணுக்குத் தெரிகிற மேம்பாடு: ஸ்மார்ட் சிட்டி கட்டுமானத் தொழிலுக்குச் செய்தது என்ன?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பழைய டைரியை எடுத்துக் கையில் கொடுத்தார். 2019-ஆம் வருஷத்து டைரி. உள்ளே தேதி வாரியாக ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட் மூட்டை, ஆள் கூலி, ஜேசிபி வாடகை என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தொகை, அதன் கீழே இரண்டு கோடு. வரவேண்டிய பணம். இன்றுவரை வரவில்லை.

"நீ கம்ப்யூட்டர்காரன்தானே கண்ணு, இந்த ஸ்மார்ட்டுங்கிறது உங்க ஆளுங்க கண்டுபிடிச்ச வார்த்தைதானே, எனக்குக் கொஞ்சம் வெளங்கச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பா 26 வருஷமாக அரசுப் பணி எடுத்துச் செய்த மூன்றாம் வகுப்பு ஒப்பந்ததாரர். சாக்கடை, சிறு பாலம், பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர், அங்கன்வாடிக் கட்டடம், இந்த மாதிரி வேலைகள். கொங்குப் பகுதியில் உள்ள ஒரு ஸ்மார்ட் சிட்டியில் 2018 முதல் 2022 வரை வேலை பார்த்தார். ஊரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் எழுத நினைப்பது ஒரு நிறுவனத்தைப் பற்றியல்ல, ஒரு அமைப்பு முறையைப் பற்றி.

எனக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 வாக்கில் ஒரு நகரத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்கான டெண்டருக்குப் பதில் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். டெண்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆவணத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியிருந்தது. சித்தப்பாவின் டைரியைப் படித்தபோது அந்த ஆவணம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் குறிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டது.

வரையறை இல்லாத தேவை

ஸ்மார்ட் சிட்டி மிஷன் 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டது. 100 நகரங்கள். ஒரு நகரத்துக்கு மத்திய அரசு சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி, 5 ஆண்டில் 500 கோடி. மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து அதே அளவு போட வேண்டும். மத்திய அரசின் பங்கு மட்டும் மொத்தம் 48,000 கோடி. தமிழ்நாட்டில் 11 நகரங்கள்: 2016 ஜனவரியில் சென்னை, கோவை, அதே ஆண்டு செப்டம்பரில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர், 2017 ஜூனில் திருச்சி, திருநெல்வேலி, திருப்பூர், தூத்துக்குடி, 2018 ஜனவரியில் ஈரோடு.

2015-இல் வெளியான வழிகாட்டி நெறிமுறையைப் படித்தால் ஆரம்பத்திலேயே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கும். ஸ்மார்ட் சிட்டி என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது, ஊருக்கு ஊர் அது மாறும் என்கிறது. என் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் இப்படி வந்து சொன்னால், "சார், முதலில் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், பிறகு எஸ்டிமேட் போடலாம்" என்போம். இங்கே எஸ்டிமேட் முதலில் வந்தது, நகரத்துக்கு 1,000 கோடி. என்ன வேண்டும் என்பது பிறகு வந்தது.

ஆனால் அதே ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்ட சில விஷயங்களும் உண்டு. தேர்ந்தெடுத்த பகுதியில் 'கண்ணுக்குத் தெரிகிற மேம்பாடு' இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தலைக்கு மேல் போகும் மின்கம்பி தரைக்கடியில் போக வேண்டும், பொது இடத்தில் ஆக்கிரமிப்பு இருக்கக்கூடாது என்றெல்லாம் உதாரணமும் உண்டு. இருக்கிற பகுதியைச் சீரமைப்பது என்றால் 500 ஏக்கருக்கு மேல், இடித்துக் கட்டுவது என்றால் 50 ஏக்கருக்கு மேல், புதிதாக உருவாக்குவது என்றால் 250 ஏக்கருக்கு மேல் என்று அளவும் இருந்தது.

இதைப் படித்தபிறகு எனக்குத் தோன்றியது: பெயர்ப்பலகையில் தொழில்நுட்பம் இருந்தாலும் இது அடிப்படையில் ஒரு கட்டுமானத் திட்டம். நாடு முழுவதும் சுமார் 8,000 பணிகள், சுமார் 1.6 லட்சம் கோடி ரூபாய். சாலை, நடைபாதை, வடிகால், குழாய், பேருந்து நிலையம், வாகன நிறுத்தக் கட்டடம், ஏரிக்கரை என்று இதில் பெரும்பகுதி சிமென்டும் கல்லும் இரும்பும்தான். பாண்டி பஜார் நடைபாதை, மதுரை பெரியார் பேருந்து நிலையம், கோவை உக்கடம் பெரியகுளக்கரை எல்லாம் கொத்தனாரும் சித்தாளும் கட்டியவை. ஆகவே 'நகரம் ஸ்மார்ட் ஆனதா' என்பதோடு கூட, 'நகரத்தைக் கட்டுகிற தொழில் இதனால் என்ன ஆனது' என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஏராளமான கட்டுரைகள் இருக்கின்றன. இரண்டாவதை யாரும் பெரிதாகக் கேட்டு நான் பார்க்கவில்லை.

பெரிய பொட்டலம்

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் வடிகால் ஒரு டெண்டர், சாலை ஒரு டெண்டர், தெருவிளக்கு ஒரு டெண்டர். ஒருத்தர் போட்ட ரோட்டை மறு மாதமே இன்னொருத்தர் தோண்டுவார். இந்தக் கூத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்மார்ட் சிட்டி இதற்குச் சொன்ன தீர்வு: வடிகால், கேபிள் போகும் குழாய், நடைபாதை, விளக்கு, இருக்கை எல்லாவற்றையும், அதுவும் பல தெருக்களுக்கு, ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுப்பது.

தர்க்கம் சரிதான். நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பொட்டலம் பெரிதானால் அதைத் தூக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறையும்.

பெரிய பணிகளுக்கான தகுதி நிபந்தனை பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் சொன்ன அளவுகோல் ஒன்று உண்டு. டெண்டர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதையொட்டித்தான் எழுதுவார்கள். மதிப்பீட்டில் 30 சதவீதம் அளவுக்குச் சராசரி ஆண்டு வரவு செலவு வேண்டும். அதே மாதிரியான வேலை 80 சதவீத மதிப்பில் ஒன்று, அல்லது 50 சதவீத மதிப்பில் இரண்டு, அல்லது 40 சதவீத மதிப்பில் மூன்று செய்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கோடி பொட்டலம் என்றால் ஆண்டு வரவு செலவு 12 கோடி. முன்பு செய்த வேலை 32 கோடியில் ஒன்று, அல்லது 20 கோடியில் இரண்டு, அல்லது 16 கோடியில் மூன்று. சித்தப்பா வாழ்நாளில் எடுத்த மிகப் பெரிய வேலை 90 லட்சம்.

ஆக, ஊரில் இருந்த சின்ன ஒப்பந்ததாரர்கள் டெண்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை. வெளியூர்ப் பெரிய நிறுவனம் எடுத்தது. சரி, அவர்களே எல்லாவற்றையும் செய்தார்களா? இல்லை. வடிகால் ஒருவருக்கு, கேபிள் குழாய் ஒருவருக்கு, பேவர் பிளாக் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்கு வடிகால் வந்தது. அதுவும் நேரடியாக வரவில்லை. நடுவில் ஒருவர் இருந்தார்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பொட்டலம் கட்டியதற்குச் சொன்ன காரணம் ஒருங்கிணைப்பு. டெண்டர் காகிதத்தில் ஒருங்கிணைப்பு இருந்தது. தரையில் பழையபடி வடிகால் ஒருவர், குழாய் ஒருவர், கல் ஒருவர். ஒரே ஒரு வித்தியாசம், முன்பு அவர்கள் அரசோடு நேரடி ஒப்பந்தம் போட்டவர்கள், இப்போது வெள்ளைத் தாளில் வாங்கிய ஒர்க் ஆர்டரோடு நிற்கிறவர்கள். மென்பொருள் துறையில் இதை நாங்கள் நன்றாக அறிவோம். ஒரு பெரிய பெயர் ப்ராஜெக்டை எடுக்கும், அடுத்தவர் ஆள் தருவார், அவருக்கு இன்னொருவர் ஆள் தருவார். நிரல் எழுதுகிறவன் நான்காவது படியில் உட்கார்ந்திருப்பான். வாடிக்கையாளருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

ரேட் விஷயம் அப்புறம். அட்டவணை விலை 100 என்றால், பெரிய நிறுவனத்தின் பங்கும் நடுவில் இருந்தவரின் பங்கும் போகத் தன் கைக்கு வந்தது 74 என்றார் சித்தப்பா. அந்த 74-க்கு அதே கான்கிரீட்டை, அதே கம்பியைப் போட முடியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "காபி ஆறுது, குடி" என்றார்.

ஆனால் அவரை அதிகம் வருத்தியது ரேட் இல்லை. "நாலு வருஷம் வேல செஞ்சேன். கையில ஒரு சர்டிபிகேட் இல்ல" என்றார். இது முக்கியமான இடம். பணி முடித்த சான்றிதழ் முதன்மை ஒப்பந்ததாரர் பெயருக்குத்தான் வரும். சப்-கான்ட்ராக்டில் எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டியிருந்தாலும் அடுத்த டெண்டரில் அனுபவம் என்ற கட்டத்தில் பூஜ்யம். நான்கு வருஷம் அரசுப் பணி எதுவும் தன் பெயரில் செய்யாத ஒருவருக்கு அடுத்த டெண்டர் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போகிறது. பெரிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலைக்கான தகுதி. சின்னவருக்கு ஒவ்வொரு வேலையும் தகுதியைக் கரைக்கிற வேலை. இது ஒரு ஆள் கெட்ட எண்ணத்தோடு செய்தது இல்லை. நிபந்தனைகளை அடுக்கிய விதத்திலேயே இந்த விளைவு உட்கார்ந்திருக்கிறது.

கடைசித் தேதியும் ஆளில்லாத மன்றமும்

மிஷனின் காலம் முதலில் 5 ஆண்டு. பிறகு 2023 ஜூன், 2024 ஜூன், கடைசியில் 2025 மார்ச் 31 என்று நீண்டது. நீட்டிப்பு வந்தது என்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அது கடைசி நேரத்தில் வந்தது. தளத்தில் இருப்பவருக்கு எப்போதும் 'அடுத்த மூன்று மாதத்தில் முடி' என்ற நெருக்கடிதான்.

அவசரத்தில் போடும் கான்கிரீட் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் நாடு முழுவதும் பரவியது. 2022-இல் வேலூரில், தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள். எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். அந்த ஆட்கள் முட்டாள்கள் என்று முடித்துக்கொண்டோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. இரவோடு இரவாக இத்தனை மீட்டர் முடித்தால்தான் கூலி, ரெடிமிக்ஸ் வண்டி வந்து நிற்கிறது, கலவை இறுகிக்கொண்டிருக்கிறது, வண்டிக்காரரை எழுப்பிச் சொல்ல யாருக்கும் அதிகாரமும் இல்லை நேரமும் இல்லை என்றால், சாதாரண மனிதர்கள் இதைத்தான் செய்வார்கள். எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் கொடுப்பவர்களும் இதே ரகம்தான்.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டுக்கே உரியது. இங்கே நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. அதாவது 11 நகரங்களிலும் திட்டம் தீட்டி, டெண்டர் விட்டு, தோண்டிய காலத்தின் பெரும்பகுதியில் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. மேலே, மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதி பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனி. கீழே, அதன் ஆலோசனை நிறுவனம். தெருக்காரர் யாரிடம் போய்ச் சொல்வது?

கவுன்சிலர்கள் எல்லாம் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குப் போகிற சதவீதத்தைப் பற்றி சித்தப்பாவே ஒரு புத்தகம் எழுதுவார். ஆனால் ஒரு வார்டு கவுன்சிலருக்குத் தெரிந்த ஒன்று ஆலோசனை நிறுவனத்தின் வரைபடத்தில் இருக்காது. எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், யார் வீட்டு வாசல் ரோட்டை விடத் தாழ்ந்திருக்கிறது என்பது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் மூழ்கியபோது, அத்தனை செலவு செய்த பகுதி எப்படி மூழ்கியது என்ற கேள்வி எழுந்தது. மாம்பலம் கால்வாயில் பணியின்போது போட்ட கட்டடக் கழிவு அடைத்துக்கொண்டதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2022-இல் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி டேவிதார் தலைமையில் ஸ்மார்ட் சிட்டிப் பணிகளை விசாரிக்க ஒரு நபர் ஆணையம் அமைந்தது.

விசாரணை என்றதும் நம் கவனம் 'யார் தின்றது' என்பதில் போய்விடுகிறது. அது தேவைதான். ஆனால் யாரும் ஒரு பைசா தின்னாமல் இருந்திருந்தாலும், மேலே கல் பதிப்பதற்கு முன் கீழே தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்காத வரிசை முறை அதே வெள்ளத்தைத்தான் தந்திருக்கும்.

தரைக்கடியில் என்ன இருக்கிறது?

சித்தப்பாவின் டைரியில் ஒரு வாரம் முழுக்க 'வேலை இல்லை' என்று எழுதியிருந்தது. ஆள் கூலி மட்டும் கழிந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

வடிகாலுக்குத் தோண்டும்போது வரைபடத்தில் இல்லாத குடிநீர்க் குழாய் உடைந்தது. அதைச் சரிசெய்யக் குழாய்த் துறை ஆள் வர இரண்டு நாள். பிறகு மின்வாரியக் கேபிள். அதற்கடுத்து யாருடையது என்றே தெரியாத ஒரு கேபிள், அதை வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய மூன்று நாள். அத்தனை நாளும் ஜேசிபிக்கு வாடகை ஓடியது. அரசோடு நேரடி ஒப்பந்தம் என்றால் கூடுதல் வேலையை எம்-புக்கில் ஏற்றி, பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி, கொஞ்சமாவது கேட்டுப் பெறலாம். சப்-கான்ட்ராக்டில், "மீட்டருக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு, கீழ என்ன இருந்தா எனக்கென்ன" என்ற பதில்தான். குழாய் உடைந்ததற்கான செலவும் அவர் பில்லில் பிடித்தம்.

அப்போதுதான் நான் படித்த அந்த டெண்டர் ஞாபகம் வந்தது. கட்டுப்பாட்டு மையத்துக்கு எத்தனை கேமரா, சுவர் அளவு திரை எத்தனை அங்குலம், குப்பை வண்டி எங்கே நிற்கிறது, பேருந்து எங்கே போகிறது, காற்றில் மாசு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருந்தது. தரைக்கு மேல் அசையும் எல்லாவற்றையும் பார்க்கும் ஏற்பாடு. தரைக்கடியில் அசையாமல் கிடக்கும் குழாய், கேபிள் எங்கே எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு கேள்விகூட எழுப்பவில்லை. நானும் எழுப்பவில்லை. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எங்கள் குழு கேட்ட கேள்விகள் எல்லாம் திரையின் தெளிவைப் பற்றியும் சர்வரின் கொள்ளளவைப் பற்றியும்தான்.

நாடு முழுக்க 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையம் வந்துவிட்டது. தோண்டுவதற்கு முன் கீழே யாருடைய குழாய் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி தேசிய அளவில் வெளியானது 2023 மார்ச்சில். அதற்குள் ஸ்மார்ட் சிட்டிக்காகத் தோண்ட வேண்டியதில் பெரும்பகுதியைத் தோண்டி முடித்துவிட்டோம். கட்டுமானத் தொழிலுக்கு மென்பொருள்காரர்கள் செய்திருக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த வரைபடம். அது திரையில் அழகாகத் தெரியாது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட முடியாது. கண்ணுக்குத் தெரிகிற மேம்பாடு அல்ல.

டைரியில் இல்லாதவர்கள்

சித்தப்பாவுக்காவது டைரி இருக்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் டைரியில் வெறும் எண்: 'ஆள் 9', 'சித்தாள் 4'.

கட்டுமானத் தொழிலாளர் நலனில் தமிழ்நாடு முன்னோடி. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. மத்தியச் சட்டமே 1996-இல்தான். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வாரியத்துக்குப் போகும். 1.6 லட்சம் கோடியில் பாதிதான் கட்டுமானம் என்று வைத்துக்கொண்டாலும் நாடு முழுவதும் 800 கோடி ரூபாய் நல வரி ஆகிறது.

வரியைப் பிடிப்பது சுலபம், பில்லிலேயே கழித்துவிடலாம். அதைப் பெறுவதுதான் கஷ்டம். மத்தியச் சட்டப்படி பதிவு செய்ய, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். ஒருவர் மூன்றாவது படி சப்-கான்ட்ராக்டில் இந்தத் தெருவில் 20 நாள், வேறொருவரிடம் அந்த ஊரில் 30 நாள் என்று வேலை செய்தால், அந்த 90 நாளை யார் எழுதிக் கொடுப்பது? முதன்மை நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது. படிகள் அதிகமாக அதிகமாக வேலை செய்கிறவர் மறைந்துபோகிறார். நகரத்தில் எந்தக் குப்பை வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்த நகரத்தின் வடிகாலைக் கட்டியவர் யார் என்று எந்தத் திரையிலும் தெரியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதன் அர்த்தம் புரிந்தது. வேலை நின்றது. ஒப்பந்த காலத்தை 6 மாதம் வரை நீட்டிக்க மத்திய அரசு வழி செய்தது. நீட்டிப்பு நிறுவனத்துக்குக் கிடைத்தது. பெயரில்லாதவர்களுக்கு எதை நீட்டிப்பது? சித்தப்பா அப்போது தன் ஆட்களுக்கு இரண்டு மாதம் அரிசி வாங்கிப் போட்டிருக்கிறார். டைரியில் அது 'இதர செலவு'. அடுத்த ஆண்டு கம்பி, சிமென்ட் விலை ஏறியது. 2022 ஜூலை 18 முதல் அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 18 சதவீதம் ஆனது. மேலே இருப்பவர்கள் இதைக் கடிதம் எழுதிப் பேச முடியும். கீழே இருப்பவரின் ஒர்க் ஆர்டரில் விலை மாற்றம் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டியது

இதுவரை படித்தவர்கள் 'இவன் எல்லாமே தப்பு என்கிறான்' என்று நினைக்கலாம். அப்படி இல்லை.

பாண்டி பஜாரில் 2019-க்கு முன் நடந்தவர்களுக்கும் இப்போது நடப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். வயதானவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள் நடக்கிற அகலமான நடைபாதை அது. கோவைக் குளக்கரைகளில் இவ்வளவு கான்கிரீட் தேவையா என்று சூழலியலாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் சாயங்காலம் அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருப்பதும் உண்மை. சித்தப்பாவே ஒத்துக்கொள்ளும் ஒன்றும் உண்டு. முன்வார்ப்பு வடிகால், கேபிளுக்குத் தனிக் குழாய், லெவல் எடுக்கும் கருவி இதையெல்லாம் அவர் கற்றது இந்த வேலையில்தான். "பழைய மாதிரி கயிறு கட்டி லெவல் பாக்கறதெல்லாம் இப்ப செய்யமாட்டேன்" என்றார். தொழில் ஓரளவு முன்னேறியது. முன்னேற்றத்தின் பலன் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கோளாறு.

பெரிய நிறுவனமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பல அடுக்கு வாகன நிறுத்தத்தை மூன்றாம் வகுப்பு ஒப்பந்ததாரரிடம் கொடுக்க முடியாது. ஆனால் வடிகாலும் நடைபாதையும் அந்த ரகம் இல்லை. ஒரே வரைபடம், ஒரே ஒருங்கிணைப்புப் பொறியாளர், பத்து சின்ன ஒப்பந்ததாரர்கள் என்று செய்ய முடியும். அந்த ஒருங்கிணைப்பைத் தான் செய்யாமல் அதையும் சேர்த்து விற்றுவிட்டதுதான் நிர்வாகத்தின் தவறு என்பது என் முடிவு.

அடுத்த முறை

மிஷன் 2025 மார்ச்சோடு முடிந்தது. ஆனால் இந்தக் கேள்விகள் முடியவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் 1 லட்சம் கோடியில் நகர்ப்புறச் சவால் நிதி அறிவித்திருக்கிறார்கள். திட்டச் செலவில் 25 சதவீதம் வரை அது தரும். குறைந்தது 50 சதவீதம் கடன் பத்திரம், வங்கிக் கடன், தனியார் பங்களிப்பு வழியாக வர வேண்டும். வங்கி கடன் கொடுக்கிற அளவுக்குத் திட்டம் இருக்க வேண்டும் என்றால் பொட்டலம் இன்னும் பெரிதாகும் என்பது என் ஊகம். படிகளும் கூடும்.

அதனால் இப்போதே கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது நான்கு. ஒன்று, தரைக்கடி வரைபடம் இல்லாமல் தோண்டும் வேலைக்குப் பணி ஆணை கொடுக்கக்கூடாது. இரண்டு, சப்-கான்ட்ராக்டரின் பெயரும் அவர் செய்த அளவும் எம்-புக்கிலேயே பதிவாக வேண்டும். அதை வைத்து அவருக்கும் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். மூன்று, முதன்மை ஒப்பந்ததாரர் அடுத்த பில்லைப் பெறும் முன், முந்தைய பில்லில் கீழே உள்ளவர்களுக்குக் கொடுத்ததற்கான வங்கிச் சான்றைக் காட்ட வேண்டும். நான்கு, வருகைப் பதிவு நல வாரியப் பதிவோடு இணைய வேண்டும், எந்தப் படியில் வேலை செய்தாலும் நாள் கணக்கு தொழிலாளியோடு போக வேண்டும். இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் நாலு பேரும் உட்கார்ந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் சில மாதத்தில் எழுதிவிடலாம். ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருந்தால் அது இதுதான் என்பேன்.

சித்தப்பா அரசு வேலையை விட்டுவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. இப்போது தெரிந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார். அவரிடம் இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர்தான் மிச்சம்.

கிளம்பும் அன்று அவர் கட்டிய வடிகால் இருக்கும் தெருவுக்கு என்னைக் கூட்டிப் போனார். மேலே கிரானைட் விளிம்பு, வரிசையாக விளக்கு, ஓரத்தில் ஒரு கல்வெட்டு. கல்வெட்டில் எத்தனையோ பெயர்கள். சித்தப்பா அதைப் பார்க்கவில்லை. குனிந்து, வடிகால் மூடியின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்.

"தண்ணி நிக்காம ஓடுது பாரு" என்றார்.